நீக்கி அறிதல்

புதிய பொருளைக் கண்டுபிடிப்பவருக்குப் புகழ் சேர்கிறது. அந்தப் பொருள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று விளக்குபவருக்கு மதிப்பு சேர்கிறது. அதையே இன்னும் எளிதாகச் செய்ய வழி சொல்பவருக்குப் பெரும்பாலும் ஒரு நன்றியோடு சரி. செலவு குறைந்தது, நேரம் மிச்சம் என்று சொல்லிவிட்டு அறிவுலகம் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறது. இந்தத் தரவரிசைக்கு அடியில் ஒரு பழைய தத்துவ முடிவு இருக்கிறது: அறிவது மேல், செய்வது கீழ். கையால் செய்பவனைவிடக் காரணம் தெரிந்தவனே ஞானமுடையவன் என்று அரிஸ்டாட்டில் தம் மெய்ப்பொருளியல் நூலின் தொடக்கத்திலேயே வகுத்துவைத்தார். காரணம் தெரிவதே அறிவு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் காரணம் எங்கே, எப்படித் தெரியவருகிறது என்று கேட்டால் அந்த மேல்கீழ் நிற்பதில்லை. ஒரு செய்முறையிலிருந்து தேவையற்ற படியை நீக்குவதும், அந்தப் பொருளுக்கு எது காரணம் என்று கண்டறிவதும் ஒரே செயல்தான் என்பது என் வாதம். எளிய செய்முறை அறிவுக்குப் பின்னால் வரும் வசதி மட்டும் அல்ல. அறிவு விளையும் இடங்களில் அதுவும் ஒன்று. இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் சான்று, 2008ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் உருவாகிவரும் இரும்பு சார்ந்த மீக்கடத்திகள்.

காரணம் என்றால் என்ன என்ற கேள்வியை, இந்தியத் தர்க்க மரபான நியாயத்தைச் சேர்ந்தவர்கள் குயவனின் வேலையிடத்தில் வைத்து விசாரித்தார்கள். குடம் உருவாவதற்கு முன் அங்கே களிமண் இருந்தது, சக்கரம் இருந்தது, அதைச் சுழற்றும் கோல் இருந்தது, குயவன் இருந்தான். கோலுக்கு ஒரு நிறமும் இருந்தது. குயவனுக்கு ஒரு தந்தையும் இருந்தார். மண் சுமந்துவந்த கழுதையும் பக்கத்தில் நின்றது. முன்னால் இருந்தது என்பதற்காக எல்லாவற்றையும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காரணம் என்பது தவறாமல் முன்னே இருக்க வேண்டும். அது இல்லாமலே காரியம் நடந்துவிடும் என்ற நிலையும் இருக்கக் கூடாது. அப்படி இல்லாமலே நடந்துவிடக்கூடியவற்றை அன்யதாசித்தம் என்று பிரித்து, பதினேழாம் நூற்றாண்டின் பாஷாபரிச்சேதம் என்ற நூல் ஐந்து வகையாக எண்ணுகிறது. ஐந்தாவது வகைக்கு உதாரணம் அந்தக் கழுதை. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு இதே குடம் வேறு வழியில் பழக்கம்: மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இரண்டு மரபுகளையும் சேர்த்துப் பார்த்தால், காரணங்கள் ஒரே தரத்தவை அல்ல என்பதும், காரணம்போல் உடன் நிற்பவை மெய்யான காரணங்களைவிட ஏராளம் என்பதும் புரியும். பிரித்தறிய நியாயம் தரும் கருவி அன்வயமும் வியதிரேகமும்: அது இருக்கும்போது இது இருக்கிறதா, அது இல்லாதபோது இதுவும் இல்லாமல் போகிறதா. முதல் பாதிக்குக் கண்டிருந்தால் போதும். இரண்டாவது பாதிக்கு, பல வேளைகளில், யாராவது ஒருவர் கைவைத்து நீக்கித்தான் பார்க்க வேண்டும்.

மீக்கடத்தி என்பது, குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மின்தடை அறவே மறைந்து, காந்தப்புலத்தையும் தனக்குள் விடாமல் வெளியே தள்ளும் பொருள். 1911இல் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தை 4.2 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்தபோது இது முதன்முதலில் தெரியவந்தது. 1986இல் ஜூரிக்கில் பெட்னோர்ஸும் முல்லரும் செம்பு ஆக்சைடுகளில் 30 கெல்வினை ஒட்டி இதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அந்தக் குடும்பம் 90 கெல்வினைக் கடந்தது. இரும்பை மட்டும் யாரும் எதிர்பார்க்கவில்லை. காந்தத்தன்மை மீக்கடத்துத்திறனைக் குலைக்கும், ஆகவே இரும்பு அதற்குப் பகை என்பது பல பத்தாண்டுகளாக நிலைத்திருந்த நம்பிக்கை. 2008 பிப்ரவரியில் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஹிதேயோ ஹோசோனோ குழுவினர் லாந்தனம், ஆக்சிஜன், ஃபுளோரின், இரும்பு, ஆர்சனிக் ஐந்தும் சேர்ந்த ஒரு சேர்மம் 26 கெல்வினில் மீக்கடத்தியாவதாக அறிவித்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. அதோடு நியாய மரபின் கேள்வி அப்படியே எழுந்தது: இந்த ஐந்தில் எது களிமண், எது கழுதை?

அந்த ஆண்டின் அடுத்த ஐந்தாறு மாதங்கள் இந்தக் கேள்விக்கான விடையாகவே அமைந்தன. லாந்தனத்தை எடுத்துவிட்டுச் சமாரியத்தை வைத்தால் வெப்பநிலை 55 கெல்வினுக்கு ஏறியது. ஆகவே லாந்தனம் இன்றியமையாதது அல்ல. பெய்ஜிங்கில் ஜாவோ சோங்ஷியான் குழுவினர் ஃபுளோரினைச் சேர்க்காமல், ஆக்சிஜனைக் கொஞ்சம் குறைத்தே அதே உயரத்தைத் தொட்டார்கள். ஃபுளோரின் செய்த வேலை எலெக்ட்ரான்களைக் கூட்டுவது, அதை வேறு வழியிலும் கூட்டலாம் என்று தெரிந்தது. மியூனிக்கில் டிர்க் யோரென்ட் குழுவினர் ஆக்சிஜனே இல்லாமல், பேரியமும் பொட்டாசியமும் இரும்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த சேர்மத்தில் 38 கெல்வினைக் கண்டார்கள். ஜூலையில் தைவானிலிருந்து வூ மாவ்-குவென் குழுவினர் ஆர்சனிக்கையும் விட்டுவிட்டு, இரும்பும் செலினியமும் மட்டுமே சேர்ந்த பொருள் 8 கெல்வினில் மீக்கடத்தியாவதைக் காட்டினார்கள். ஐந்தில் நான்கு நீங்கிவிட்டன. எஞ்சியது ஓர் அடுக்கு: ஒவ்வொரு இரும்பு அணுவையும் சுற்றி நான்கு ஆர்சனிக் அல்லது செலினியம் அணுக்கள் நான்முகியாக நிற்கும் அடுக்கு. கோட்பாட்டாளர்கள் அதன்பின் கணக்குப் போட உட்கார்ந்தது இந்த அடுக்கின் மேல்தான். அவர்களுக்கு அதைத் தேர்ந்து கொடுத்தவர்கள், ஒவ்வொரு தனிமமாக எடுத்துப் பார்த்த வேதியியலாளர்கள். நீக்கப்பட்டவற்றுக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. 8 கெல்வினுக்கும் 55 கெல்வினுக்கும் உள்ள தூரம் அவற்றின் வேலை. எது இருந்தால்தான் காரியம் நடக்கும், எது இருந்தால் காரியம் வலுக்கும் என்ற பாகுபாடே கழித்தல் தந்த முதல் அறிவு.

சேர்மத்தின் உறுப்புகளில் நடந்த இந்தக் கழித்தல் செய்முறையின் படிகளிலும் நடந்தது. தொடக்கக் காலச் செய்முறையைக் கிட்டே நின்று பார்ப்போம். ஆர்சனிக் கொடிய நஞ்சு. 600 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உருகாமலே ஆவியாகிவிடும். லாந்தனமும் பொட்டாசியமும் காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். ஆகவே ஆர்கான் நிரப்பிய மூடிய பெட்டிக்குள், அதன் சுவரில் பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கைவிட்டு, பொடிகளை எடைபோட்டு, கல்வத்தில் அரைத்து, வில்லையாக அழுத்தி, குவார்ட்ஸ் குழாயில் இட்டு, குழாயின் வாயை உருக்கி அடைக்க வேண்டும். பிறகு 1,250 டிகிரியில் 40 மணி நேரம் உலையில் வைக்க வேண்டும். வெப்பத்தை அவசரமாக ஏற்றினால் ஆர்சனிக் ஆவியின் அழுத்தத்தில் குழாய் வெடிக்கும். அதனால் ஆர்சனிக்கை முதலில் இரும்போடோ லாந்தனத்தோடோ சேர்த்து இடைச்சேர்மமாக்கிக் கொள்வது வழக்கம். 55 கெல்வின் தந்த சமாரியச் சேர்மத்தைப் பெய்ஜிங் குழுவினர் செய்தபோது வளிமண்டலத்தைப்போல் சுமார் 60,000 மடங்கு அழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தப் படிகளில் எது பொருளுக்காக, எது செய்பவரின் உயிருக்காக, எது பழக்கத்துக்காக என்று பட்டியலைப் படித்துச் சொல்ல யாராலும் முடியாது. அடுத்த ஈராண்டுகளில், அந்தப் பேரழுத்தம் இல்லாமல், சாதாரணமாக மூடிய குழாயில், குறைந்த வெப்பத்திலேயே 55 கெல்வினை ஒட்டிய மாதிரிகள் கிடைத்தன. அழுத்தம் காரணம் அல்ல என்று அப்போதுதான் உறுதியாயிற்று. எளிய வழி கிடைக்காதிருந்தால் அந்த அழுத்தம் காரணம் என்றே பாடநூலில் ஏறியிருக்கக்கூடும்.

இதைவிடத் துலக்கமான சான்று ட்சுகுபா நகரிலுள்ள ஜப்பானின் தேசியப் பொருளறிவியல் கழகத்திலிருந்து வந்தது. அங்கே யோஷிஹிகோ தகானோ குழுவினர் இரும்பு, டெல்லூரியம், கந்தகம் மூன்றும் சேர்ந்த ஒரு பொருளை ஆராய்ந்துவந்தார்கள். உலையிலிருந்து எடுத்தவுடன் அது முழுமையான மீக்கடத்தி அல்ல. காற்றில் நெடுநாள் கிடந்த மாதிரியோ மீக்கடத்தியாக மாறியிருந்தது. காற்றின் ஈரத்துக்கு அதில் பங்கு இருப்பதை 2010இல் எழுதினார்கள். அடுத்து நீர், எத்தனால், இரண்டும் கலந்த கலவை என ஒவ்வொன்றிலும் மாதிரியை ஊறவைத்தார்கள். பிறகு பியர், சிவப்பு ஒயின், வெள்ளை ஒயின், சாகே, ஷோச்சு, விஸ்கி ஆகிய ஆறிலும் 70 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்துப் பார்த்தார்கள். நீர், எத்தனால் கலவையில் ஊறிய மாதிரிகளில் மீக்கடத்தும் பங்கு 15 சதவீதத்தைத் தொடவில்லை. சிவப்பு ஒயினில் ஊறியதில் அது 60 சதவீதத்தைத் தாண்டியது. இதை வேடிக்கைச் செய்தியாகப் பலரும் படித்திருக்கலாம். ஆனால் அதன் பிறகு நடந்ததே முக்கியம். விளைவு ஆல்கஹாலின் அளவைப் பொறுத்ததாக இல்லை. ஆகவே ஆல்கஹாலை ஒதுக்கினார்கள். ஒயினில் உள்ள டார்டாரிக் அமிலம் ஒரு முக்கியக் காரணி என்று 2012இல் காட்டினார்கள். அமிலம் செய்த வேலை, படிகத்தின் அடுக்குகளுக்கு நடுவே தங்கிவிட்ட மிகை இரும்பைக் கரைத்து வெளியேற்றுவது. அந்த மிகை இரும்பு அணுக்களின் காந்தத்தன்மையே மீக்கடத்துத்திறனைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஒயின் கழுதை, அமிலம் கோல், மிகை இரும்பு நீங்குவதே காரணம். மலிவான ஒரு திரவத்தில் ஊறவைத்த செயல், இரும்பு எந்த இடத்தில் நின்றால் துணை, எந்த இடத்தில் நின்றால் பகை என்ற அடிப்படை உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

பயன்பாட்டுக்காக மட்டுமே எளிமை தேடப்பட்ட இடங்களிலும் இதுவே நடந்திருக்கிறது. பேரியம், பொட்டாசியச் சேர்மத்தைக் கம்பியாக்க முயன்றவர்களுக்கு ஒரு தடை இருந்தது. படிகத் துகள்கள் ஒன்றையொன்று சந்திக்கும் எல்லைகளில் மின்னோட்டம் நலிந்தது. செம்பு ஆக்சைடுகளில் இப்படித்தான் நேர்கிறது. ஆகவே இங்கேயும் இது பொருளின் பிறவிக்குணமாக இருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது. அமெரிக்காவின் டல்லஹாசியிலுள்ள தேசிய உயர் காந்தப்புல ஆய்வுக்கூடத்தில் ஹெல்ஸ்ட்ராம் குழுவினர் வேறு வழியில் போனார்கள். தனிமங்களை அரைக்கும் குண்டுகளோடு மூடிய கலத்தில் இட்டு வேகமாக ஆட்டினார்கள். குண்டுகள் மோதும் ஆற்றலிலேயே வேதிவினை பெருமளவு முடிந்துவிட, அழுத்தத்தோடு 600 டிகிரி சூடே போதுமானதாக இருந்தது. அந்த அளவு வெப்பத்தில் துகள்கள் மிக நுண்ணியவையாகவே நின்றன. எல்லைகளில் வேண்டாத கலப்புச் சேர்மங்கள் படிவதும் குறைந்தது. 2012இல் அவர்கள் வெளியிட்ட அளவீட்டில், 4.2 கெல்வினில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,00,000 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் சென்றது. பிறவிக்குணம் என்று ஐயுற்றதில் ஒரு பெரும்பகுதி, நாம் ஊட்டிய அதிக வெப்பத்தின் விளைவு. செய்முறையின் குறையைப் பொருளின் இயல்பாகப் படித்துவந்திருக்கிறோம். இதைத் திருத்தியது ஒரு புதிய சமன்பாடு அல்ல. உலையின் வெப்பத்தைக் குறைத்த ஒரு முடிவு. 2016இல் பெய்ஜிங்கின் மின்பொறியியல் கழகம் 100 மீட்டர் நீளத்துக்கு இரும்பு சார்ந்த மீக்கடத்திக் கம்பியை இழுத்துக் காட்டியதற்குப் பின்னால், துகள் எல்லைகளைப் பற்றி இப்படிப் பலர் சேர்த்த அறிவு இருக்கிறது.

எளிமை என்று நான் சொல்வது சுலபத்தை அல்ல. இரும்பும் செலினியமும் மட்டுமே சேர்ந்த பொருள் பார்வைக்கு எல்லாவற்றிலும் எளியது. அதை 2009இல் நுணுகி ஆராய்ந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மெக்வீன், காவா குழுவினர், ஒரு செலினியத்துக்கு 1.01 இரும்பு இருந்தால் 8.5 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, 1.03 இருந்தால் ஆவதில்லை என்று கண்டார்கள். நூற்றில் இரண்டு பங்கு வேறுபாட்டில் காரியமே இல்லாமல் போகிறது. வெப்பத்திலும் அப்படித்தான். சுமார் 450 டிகிரிக்கு மேல் வேண்டிய படிக அமைப்பு நிலைப்பதில்லை. 300 டிகிரிக்குக் கீழே மெல்லக் குளிர்ந்தால் அது வேறு அமைப்பாக மாறத் தொடங்குகிறது. ஆகவே இடைப்பட்ட வெப்பத்தில் பதப்படுத்திச் சட்டென்று குளிர்விக்க வேண்டும். இந்த நுட்பத்தை எவராலும் நீக்க முடியாது. இதோடு 2015இல் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வி.பி.எஸ். அவானா குழுவினர் செய்ததைச் சேர்த்துப் பாருங்கள். செலினியமும் டெல்லூரியமும் சரிபாதியாக இரும்போடு சேர்ந்த பொருளின் பெரிய ஒற்றைப் படிகங்களை, உருக்குதுணைப் பொருள் எதையும் சேர்க்காமல், உருக்கி மெல்லக் குளிர்வித்தே வளர்த்தார்கள். உருக்குதுணை நீங்கியது, படிகம் வந்தது. இரும்பின் அளவு பிசகினால் எல்லாம் போயிற்று. எது விட்டுக்கொடுக்கும், எது விட்டுக்கொடுக்காது என்பதை இயற்கை சொல்லும் முறை இது. நீக்க நீக்க நீங்காமல் நிற்பதே பொருளின் உண்மை.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளில் கூர்மையானது தர்க்க நிலையிலிருந்தே வருகிறது. ஒரே காரியம் பல வழிகளில் நடக்குமானால், எந்த வழியை நீக்கினாலும் மற்றொன்றால் அது நடந்துவிடும். ஒயின் இல்லாவிட்டால் ஈரக்காற்று. அதுவும் இல்லாவிட்டால் ஆக்சிஜனில் மிதமாகச் சூடாக்குவது. நீக்கல் சோதனையை நேராகப் பிடித்துக்கொண்டால் எதுவுமே காரணம் அல்ல என்ற முடிவுக்கு வரவேண்டியிருக்கும். இந்திய மெய்யியலாளர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். நெருப்பு புல்லிலிருந்தும் பிறக்கிறது, அரணிக்கட்டையிலிருந்தும் பிறக்கிறது, சூரியகாந்தக் கல்லிலிருந்தும் பிறக்கிறது. இதில் எதைக் காரணம் என்பது என்று வாதித்தார்கள். ஒவ்வொன்றிலும் பிறக்கும் நெருப்பு தனி வகை என்றது நியாயம். மூன்றிலும் பொதுவாக உறையும் ஒரு சக்தியே காரணம் என்றது மீமாம்சை. இரும்புச் சேர்மத்தின் விஷயத்தில் இந்த வழக்கை வெறும் வாதத்தால் தீர்க்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வழிகளுக்கும் பொதுவாக நடப்பது என்ன என்று தேடியபோது, மிகை இரும்பு அடுக்குகளுக்கு நடுவிலிருந்து அகல்வது அகப்பட்டது. வழிகள் பலவாக இருப்பது நீக்கல் முறையைத் தோற்கடிக்கவில்லை. ஒரே வழிதான் தெரியும் என்றிருந்தால் அந்த வழியையே காரணம் என்று மயங்கியிருப்போம். இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் திறந்தபோதே அவற்றின் அடியில் ஓடும் பொதுக்காரணம் தெரிந்தது. ஆகவே ஒரு பொருளைச் செய்ய ஏற்கெனவே வழி இருக்கும்போது இன்னொரு எளிய வழி எதற்கு என்று கேட்பது, இரண்டாவது சாட்சி எதற்கு என்று கேட்பதற்குச் சமம்.

இரண்டாவது மறுப்பு, எளிய செய்முறை ஏமாற்றும் என்பது. 2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று ஈயம், செம்பு, பாஸ்பேட் சேர்ந்த எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று அறிவித்தது. செய்முறை எளியது, பொடிகளும் ஓர் உலையும் போதும். அந்தக் கூற்று பொய்த்தது. மாதிரியில் கலந்திருந்த செம்பு சல்ஃபைடு 104 டிகிரியை ஒட்டி அடையும் அமைப்பு மாற்றம், மின்தடையின் திடீர் வீழ்ச்சியாகத் தோன்றியிருந்தது. எளிமை கலப்படத்துக்கு இடம் கொடுத்தது என்பது மெய்தான். ஆனால் அந்தப் பிழை எவ்வளவு விரைவில் தீர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சில நாள்களிலேயே அதைச் செய்துபார்த்தன. ஒரு மாதத்துக்குள் வழக்கு ஏறக்குறைய முடிந்தது. ஸ்டுட்கார்ட்டின் மாக்ஸ் பிளாங்க் கழகம் தூய ஒற்றைப் படிகம் வளர்த்து, அது மின்காப்பி என்று காட்டியது. இதற்கு எதிரே 2020இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஒன்று, வளிமண்டலத்தைப்போல் 26 லட்சம் மடங்கு அழுத்தத்தில், 15 டிகிரி செல்சியஸில் மீக்கடத்துத்திறனைக் கண்டதாக எழுதியதை வையுங்கள். வைர முனைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத துணுக்கில் நடக்கும் அந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்த கைகள் உலகில் மிகச் சில. அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அரிய முறையில் வரும் எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடில் 2015இல் அதே வைர முனைகளால் கண்ட 203 கெல்வின் பிறராலும் உறுதிப்பட்டது. பிழை எந்த முறையிலும் நேரும். எளிய முறையில் நேரும் பிழையைத் திருத்தப் பலருக்கு முடியும். அரிய முறையில் நேரும் பிழையைத் திருத்தச் சிலரையே நம்பியிருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, ஆழமான கண்டுபிடிப்புகள் சிக்கலான கருவிகளிலிருந்தே வருகின்றன என்பது. இரும்பு செலினைடிலேயே இதற்குச் சான்று உண்டு. 2012இல் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் ஷ்யூ சிகுன் குழுவினர், அதிவெற்றிடத்தில், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தின் மேல் இரும்பு செலினைடை ஒரே ஓர் அடுக்காகப் படியவைத்தார்கள். கட்டியாக இருக்கும்போது 8 கெல்வினில் நிற்கும் பொருள், அந்த ஒற்றை அடுக்கில் 65 கெல்வின் வரை மீக்கடத்துத்திறனின் அறிகுறிகளைக் காட்டியது. எந்தக் கல்வமும் உலையும் இதைத் தந்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வியப்பு அறிவாக மாறியது எப்படி? ஒற்றை அடுக்கா, அடியிலுள்ள டைட்டனேட்டா, அங்கிருந்து ஏறும் எலெக்ட்ரான்களா, எது காரணம் என்று அந்தச் சோதனை ஒன்றால் மட்டும் சொல்ல முடியவில்லை. பிறகு ஹெஃபெய் நகரில், நீரும் லித்தியம் ஹைட்ராக்சைடும் உள்ள மூடிய கலத்தில், 200 டிகிரிக்கும் குறைந்த வெப்பத்தில், இரும்பு செலினைடு அடுக்குகளுக்கு நடுவே லித்தியம், இரும்பு ஹைட்ராக்சைடு நுழைந்த கட்டிப்பொருள் ஒன்று கிடைத்தது. டைட்டனேட் இல்லை, அதிவெற்றிடம் இல்லை. ஆனால் 40 கெல்வின் வந்துவிட்டது. அயனித் திரவத்தின் வழியாக எலெக்ட்ரான்களை ஏற்றிய சோதனைகளும் அதே அளவைத் தொட்டன. ஆக, 8இலிருந்து 40 வரையிலான ஏற்றத்துக்கு எலெக்ட்ரான்கள் கூடுவதே போதும். எஞ்சியதற்கே டைட்டனேட்டின் துணை தேவைப்படுகிறது. சிக்கலான கருவி ஒரு விளைவைக் காட்டியது. எளிய கலம் அந்த விளைவை அதன் காரணங்களாகப் பிரித்துக் கொடுத்தது.

கடைசி மறுப்பு, இவ்வளவு கழித்தும் அடிப்படைக் கேள்வி நிற்கிறது என்பது. இந்தப் பொருள்களில் எலெக்ட்ரான்களை இணைசேர்ப்பது எது என்பதில் இன்றும் முழு உடன்பாடு இல்லை. காந்த ஏற்றயிறக்கங்கள் என்பார் பலர். எலெக்ட்ரான் ஆர்பிட்டல்களின் ஏற்றயிறக்கம் என்பாரும் உண்டு. செய்யத் தெரிந்தும் ஏன் என்று தெரியவில்லையே என்றால், செய்கையும் அறிவும் வேறுதானே? இரண்டும் முழுக்க ஒன்று என்று நான் வாதிடவில்லை. எது காரணம் என்பது ஒரு கேள்வி. அந்தக் காரணம் எப்படித் தொழிற்படுகிறது என்பது அதற்கு மேல் எழும் கேள்வி. இரண்டாவதற்குக் கோட்பாடு வேண்டும். ஆனால் முதலாவது தூய்மையாகாமல் இரண்டாவதைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே துறையில் பாடம் இருக்கிறது. 2009இல் இரும்பின் ஐசோடோப்பை மாற்றிப் பார்த்தபோது, நிறை கூடினால் மீக்கடத்தும் வெப்பநிலை குறைகிறது என்றது ஒரு சீனக் குழு. கூடுகிறது என்றது ஒரு ஜப்பானியக் குழு. இணைசேர்ப்பில் படிக அதிர்வுகளுக்குப் பங்குண்டா என்ற பெரிய கேள்விக்கு நேர்எதிரான இரண்டு விடைகள். மாதிரிகளுக்குள் இருந்த சிறு அமைப்பு வேறுபாடுகள் ஐசோடோப்பின் விளைவை மூடியிருக்கலாம் என்று அடுத்த ஆண்டே விளக்கம் எழுந்தது. செய்முறையில் கலந்துநிற்கும் தற்செயல்களைப் பிரிக்காதவரை, கோட்பாடு எதை விளக்குகிறது என்பதே உறுதியாகாது.

இதிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. ஒரு பொருளைச் செய்த முறையை எழுதுபவர், செய்த படிகளோடு விட்டுப்பார்த்த படிகளையும் எழுத வேண்டும்: எதை நீக்கினேன், என்ன ஆயிற்று, எதை நீக்க முயன்று முடியவில்லை. தோற்ற முயற்சிகளை ஆய்விதழ்கள் இடமில்லை என்று ஒதுக்குகின்றன; அவற்றோடு வியதிரேகத்தின் சான்றுகளும் தொலைகின்றன. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பழைய சேர்மத்துக்குப் புதிய எளிய வழி கண்டால், இதில் புதுமை எங்கே என்று கேட்கும் ஆசிரியர், அந்த வழி எந்தப் படியைக் காரணமல்ல என்று நிறுவுகிறது என்று கேட்க வேண்டும். பெரும்பொருள் உள்ள நாடுகளின் சில கூடங்களில் மட்டுமே செய்துபார்க்கக்கூடிய உண்மையை மற்றவர்கள் நம்பத்தான் முடியும். ஒரு கல்வமும் ஓர் உலையும் உள்ள கல்லூரியில் செய்துபார்க்கக்கூடியதாக அது மாறும்போது அவர்கள் அதை அறிகிறார்கள். நம்பிக்கையை அறிவாக மாற்றும் இந்த வேலையை அறிவின் கடைநிலை ஊழியம் என்று கருதுவதை நாம் கைவிட வேண்டும். காரணத்தை அறிவதே ஞானம் என்று அரிஸ்டாட்டிலோடு உடன்படுபவர் எவரும், காரணமல்லாதவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும் கைகளை அந்த ஞானத்துக்கு வெளியே நிறுத்த முடியாது.